ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தேனியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊர் பின்கோடு 625531. இந்த எண்ணுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" உண்டு. அது 23 × 27197 என்று பிரியும். இரண்டுமே பகா எண்கள். ஆகவே 1, 23, 27197, 625531 என்று நான்கே காரணிகள். ஆறு இலக்க எண்ணுக்கு இது பெரும் சிக்கனம்.

எனக்கு அதிகம் பிடித்தவை இதற்கு நேர்மாறான எண்கள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ளவை. உயர் பகு எண்கள் என்பார்கள். 60 அப்படிப்பட்டது, 12 காரணிகள். கம்பத்தில் மாமா தோட்டத்துப் பன்னீர் திராட்சை 60 பெட்டி சேர்ந்துவிட்டால் நாலு நாலு, ஐந்தைந்து, பத்துப் பத்து என்று பல விதமாக வரிசை கட்டலாம். 59 பெட்டி என்றால் எப்படி அடுக்கினாலும் கடைசி வரிசை மூளியாக நிற்கும்.

இந்த எண்களை முதன்முதலில் ஆழமாக ஆராய்ந்தவர் நம் ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை இவற்றைப் பற்றியதுதான். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்ததும் இதை வைத்துத்தான். கணிப்பொறி இல்லாத காலத்தில் 6746328388800 வரை கையாலேயே பட்டியல் போட்டார். அதில் ஒரே ஒரு எண் விடுபட்டது: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

அதைப் பிரித்துப் பாருங்கள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அத்தனை காரணிகள்! அந்த 5040-உம் ஓர் உயர் பகு எண்தான். விடுபட்ட எண்ணை 23 ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் கடைசி எண்.

அடுக்குகள் ஏன் ஏறாமல் இறங்கியே வருகின்றன? பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், அதைச் சிறிய பகா எண்ணின் அடுக்கோடு இடம் மாற்றினால் போதும். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் சிறுத்துவிடும். அப்புறம் முதல் எண்ணுக்கு 'உயர்' பட்டம் ஏது? கடைசி அடுக்கு 4, 36 தவிர எல்லாவற்றிலும் 1தான் என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார்.

விடுபட்ட எண்ணின் காரணிக் கணக்கைச் சரிபார்க்க ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். நாமோ ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 அன்று அவர் படத்துக்கு மாலை போட்டு, 1729 என்ற டாக்சி எண்ணின் கதையைச் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். காரணிகளைப் போட்டித் தேர்வுக்கான குறுக்குவழியாக மட்டும் பழக்குகிறோம். விடை வந்ததும் எண்ணை மறந்துவிடுகிறார்கள் பிள்ளைகள். இந்த அவசரத்தில் ராமானுஜன் போன்றவர் உருவாக மாட்டார்.

ஆசிரியர்களே, ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். நூற்றுக்குள் அதிகக் காரணிகள் உள்ள எண் எது என்று மட்டும் கேளுங்கள். 60, 72, 84, 90, 96 என்று ஐந்து எண்கள் 12 காரணிகளோடு வந்து நிற்கும். அவற்றில் 60-க்கு மட்டும் ஏன் அந்த 'உயர்' பட்டம் என்று பிள்ளைகள் வாதாடட்டும். அந்த வாதத்தில் பிடிபடும் கணக்கு எந்தத் தேர்வு முடிந்தாலும் மறக்காது.