முத்திறப் போட்டியில் நீச்சல்

1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியன இணைந்த டிரையத்லான், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. நீந்தியபின் இரு கடும்பணிகள் எஞ்சுவதால், விரைவோடு வலிமையைச் சேமித்தலும் இன்றியமையாதது.

தலையை உயர்த்தினால் கால்கள் தாழும். நீரின் தடை மிகும். ஆதலின், பார்வை கீழ்நோக்க, உடல் கிடையாக அமைதல் வேண்டும். மூச்சை நீருக்குள்ளேயே சீராக வெளிவிடுக. அப்போதுதான் முகம் திருப்பும் சிறுபொழுது உள்ளிழுக்கப் போதும். முழங்கையை உயர்த்தி, முன்கையால் நீரைப் பின்தள்ளுக. கால்களை மெல்ல உதைத்தால், அவற்றின் ஆற்றல் பின்னர்ப் பயன்படும்.

1994இல் ஒரே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளை நீந்திக் கடந்த தமிழகச் சிறுவன் குற்றாலீசுவரன், இடையறாப் பயிற்சியின் சான்றாவான். எனினும் குறிஞ்சிப்பாடி மாணவர்களே, பெருமாள் ஏரியாயினும் ஊர்க்குளமாயினும், பயிற்றுநரும் துணையுமின்றித் தனியே இறங்கற்க! உயிரினும் பெரிய வெற்றி இல்லை.