விலைப் பலகையும் நமது கடமையும்

1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டப்படி, பதுக்கிய சரக்கைப் பறிமுதல் செய்யக் கலெக்டருக்கு அதிகாரமுண்டு. ஆயினும் கடைதோறும் அவர் நிற்க இயலுமா?

தஞ்சையில் நெல் விளைவிப்போர் நல்ல விலையை நாடுகின்றனர். அரிசி வாங்கியுண்ணும் நெசவாளர் தணிந்த விலையை வேண்டுகின்றனர். இருவருக்கும் நஷ்டம் விளைப்பது இடையே நிகழும் பதுக்கலே. 1972-இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உழவரிடம் நெல்லைக் கொள்முதல் செய்கிறது. அது அரிசியாகி நியாய விலைக் கடைகளுக்குச் செல்கிறது. அக்கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே.

ஆகவே, அங்கத்தினர்களே! விலைப் பலகையையும் இருப்புப் பலகையையும் படியுங்கள், எடையைக் கவனியுங்கள், குறை கண்டால் சங்கத்திற்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கும் எழுதுங்கள். நமது கடையில் எடை குறையுமாயின், பிறரைக் குற்றங்கூற நமக்கு வாயேது?