பூனையின் பருவக் குரல்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை சேரும்போதெல்லாம் கூடைகளைச் சுற்றிப் பூனைகள் காத்திருப்பதை நாம் காண்கிறோம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எலிக்குப் பகையாய், பிள்ளைகளுக்குத் தோழனாய்ப் பூனை வளரும் இல்லங்கள் பல. ஆயினும் அதன் உடலியல்பை நாம் அறிந்திருப்பது சொற்பமே. அந்த அறியாமைக்கு விலை கொடுப்பவை, கண் திறவாமுன்னே தெருவில் விடப்படும் குட்டிகள்.

நள்ளிரவில் பெண்பூனை குழந்தைபோல் கதறினால் அதனை நோய் என்போர் உண்டு; அபசகுனமென்று கல்லெறிவோரும் உண்டு. இரண்டுமன்று. பசு காளைக்குக் கத்துகிறது என்போமே, அத்தகையதே இதுவும். பூனை தரையில் புரளும்; முதுகைத் தடவினால் பின்புறத்தை உயர்த்தி வாலை ஒதுக்கும். பிறந்த நான்காம் மாதத்திலேயே இது தொடங்கக்கூடும். ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். கடுவனுடன் சேராவிடில் அடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் திரும்பவும் வரும்.

பசுவுக்குக் கருமுட்டை தானே வெளிப்படும். பூனைக்கோ பெரும்பாலும் கூடிய பின்னரே, ஓரிரு நாளில் வெளிப்படும். கடுவன்கள் பல சேர்ந்தால் ஒரே ஈற்றில் வெவ்வேறு தந்தையரின் குட்டிகள் பிறத்தலும் உண்டு!

பூனையின் பருவத்தை ஆள்வது பகலொளி. இலண்டனில் கோடைப்பகல் 16 மணி நேரத்திற்கு மேல். குளிர்காலத்தில் 8 மணி நேரத்திற்கும் குறைவு. பகல் குறுகுங்கால் அங்கே பருவம் ஓய்ந்துவிடும். சென்னையிலோ இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. ஆதலால் நம் கடற்கரையில் ஆண்டு முழுவதுமே பருவம் வரக்கூடும். மீனுக்கும் இங்குப் பஞ்சமில்லை.

சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாட்கள். பால் கொடுக்கும் பூனை சினையாகாது என்றெண்ணி இருந்துவிடலாகாது. ஈன்ற சில வாரங்களிலேயே, குட்டிகள் மடியில் இருக்கும்போதே, அது மறுபடி சினையாகக்கூடும். எலும்பும் தோலுமாய்த் திரியும் தாய்ப்பூனைகள் பலவற்றின் துன்பத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருமுறையேனும் ஈன்றால்தான் உடலுக்கு நலம் என்பதும் தவறு. முதற் பருவத்திற்கு முன்பே கருப்பையையும் சூலகத்தையும் அகற்றிவிட்டால், பிற்காலத்தில் மார்புப் புற்று வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மனிதருக்கான கருத்தடை மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. கருப்பையில் சீழ் கட்டக்கூடும். 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில்தான் இருக்கிறது. இராயபுரத்தார்க்கு அது தொலைவன்று. வீட்டில் ஈன்ற பூனை இருப்பின், குட்டிகள் பால் மறக்கும்வரை, ஏறக்குறைய 8 வாரம், அதனை இரவில் வெளியே விடாது காத்து, அதன்பின் மருத்துவரிடம் கொண்டுசெல்க.