வகுப்பில் ஆசிரியர் ஜெபம் நடத்தலாமா?

காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். ஆசிரியர் கடவுளை நினைத்து ஒரு சிறு ஜெபம் சொல்கிறார். பிள்ளைகளும் கூடவே சொல்கிறார்கள்.

இதில் என்ன தவறு? கேட்டவுடன் யாருக்கும் இப்படித்தான் தோன்றும்.

ஆனால், இந்தக் கேள்வி அமெரிக்க நாட்டையே கலக்கிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தீர்ப்பு வந்து 60 ஆண்டுகள் கடந்த பிறகும் அங்கே வாக்குவாதம் ஓயவில்லை.

22 வார்த்தைகள்

நியூயார்க் மாநிலத்தின் கல்வி வாரியம் 1951-ம் ஆண்டில் ஒரு ஜெபத்தை எழுதி வெளியிட்டது. ஆங்கிலத்தில் மொத்தம் 22 வார்த்தைகள்தான். கடவுளை நம்பியே வாழ்கிறோம் என்று சொல்லி, பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள், நாடு ஆகிய எல்லோருக்கும் அருள் கேட்கும் ஜெபம் அது. அதில் ஏசுநாதர் பெயர்கூட இல்லை. அதனால் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும் என்று வாரியத்தார் எண்ணினார்கள்.

நியூ ஹைட் பார்க் என்ற ஊரில் உள்ள அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் 1958-ல் இந்த ஜெபம் தினமும் சொல்லப்பட்டது. உடனே 10 பிள்ளைகளின் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களில் யூதர்கள் உண்டு. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் உண்டு.

கடவுளை எப்படி வணங்குவது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது பெற்றோரின் வேலை; அதை அரசாங்கம் எழுதிக் கொடுப்பது ஏன்? இதுதான் வழக்கின் சாரம்.

"வெளியே போகலாமே!"

பள்ளிக்கூடத்தாரிடம் ஒரு பதில் இருந்தது. விருப்பம் இல்லாத பிள்ளை பேசாமல் நிற்கலாம், அல்லது வகுப்பை விட்டு வெளியே போகலாம். கட்டாயம் எங்கே இருக்கிறது?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் 30 பேர் கண்ணை மூடி நிற்கும்போது, அவன் மட்டும் எழுந்து வெளியே நடக்க வேண்டும். எல்லோரும் அவன் முதுகைப் பார்ப்பார்கள். விளையாட்டு நேரத்தில், "நீ என்ன, சாமி இல்லாதவனா?" என்று கேட்பார்கள். ஜெபத்தை நடத்துகிறவரோ, அவனுக்கு மார்க்கு போடுகிற ஆசிரியர்! பெரியவர்களுக்கே வராத துணிச்சல் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

1962-ம் ஆண்டு ஜூன் 25-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வழக்கில் பங்கு கொண்ட 7 நீதிபதிகளில் 6 பேர் ஒரு பக்கம். ஜெபத்தை எழுதிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை அல்ல என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். அவர் மதத்துக்கு விரோதி அல்ல. முன்னாளில் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேதபாடம் நடத்தியவர்!

நீதிபதி ஸ்டூவர்ட் ஒருவர்தான் மாறுபட்டார். ஜெபம் செய்ய விரும்பும் பிள்ளைகளின் ஆசையை ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அப்போது ஜனாதிபதி கென்னடி அமைதியாக ஒரு வழி சொன்னார்: நாம் வீட்டில் இன்னும் அதிகமாக ஜெபம் செய்யலாம்; தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகலாம் என்றார்.

பைபிளுக்காக மூண்ட கலகம்

இந்தச் சண்டை புதியது அல்ல. 1844-ல் பிலடெல்பியா நகரில் பெரிய கலகமே மூண்டது. பள்ளிக்கூடத்தில் எந்த பைபிளைப் படிப்பது என்பது, சண்டை வளரக் காரணமான விஷயங்களில் ஒன்று. ஒரு பக்கம் கத்தோலிக்கர். மறுபக்கம் புராட்டஸ்டண்டுகள். இரு சாராரும் கிறிஸ்தவர்களே! தேவாலயங்கள் தீக்கிரையாயின. பலர் உயிர் இழந்தார்கள்.

அதே பென்சில்வேனியா மாநிலத்தில், தினமும் பைபிளிலிருந்து 10 வசனமாவது வகுப்பில் படிக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு சட்டம் இருந்தது. 1956-ல் 16 வயது மாணவன் ஒருவன், பைபிள் படிக்கும் நேரத்தில் குர்ஆனை எடுத்து மௌனமாகப் படித்தான். அந்தக் குடும்பம் போட்ட வழக்கில், 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தையும் தள்ளியது. ஆனால் பைபிளை இலக்கியமாகவும் வரலாறாகவும் பாடம் நடத்தத் தடை இல்லை என்று சொன்னது.

விரும்பும் பிள்ளைகளோடு மட்டும்?

அலபாமா மாநிலத்தார் விடவில்லை. 1982-ல் ஒரு சட்டம் செய்தார்கள். விரும்பும் பிள்ளைகளைக் கூட்டி ஆசிரியர் ஜெபம் நடத்தலாம் என்றது அது. இதுவும் செல்லாது என்பதை 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அந்த மாநிலத்தில், ஜெபத்தில் சேராத பிள்ளைகளை உடன் படித்தவர்களே ஒதுக்கி வைத்தார்கள் என்ற புகாரும் கோர்ட்டு முன் வந்திருந்தது.

அப்படியானால் ஆசிரியருக்குப் பக்தி கூடாதா? கூடும். 2022-ல் கோர்ட்டு இதையும் சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு ஜெபம் செய்தார். அது அவருடைய சொந்த உரிமை என்று 6 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 3 பேர் ஒப்பவில்லை. பயிற்சியாளர் மண்டியிட்டால், ஆட்டத்தில் இடம் தேடும் பையனும் மண்டியிடாமல் இருப்பானா என்பது அவர்களுடைய கவலை.

ஆசிரியரும் கும்பிடலாம், பிள்ளையும் கும்பிடலாம். பரீட்சைக்கு முன் மனதுக்குள் வேண்டிக்கொள்ளும் பிள்ளையை எந்தக் கோர்ட்டும் தடுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் முன்னின்று நடத்தும்போது, அந்த ஜெபம் வேண்டுதலாக இல்லாமல் உத்தரவாகிவிடுகிறது. பெரும்பான்மையோர் சொல்லும் ஜெபம் ஊருக்கு ஊர் மாறும். இன்று நம் ஜெபத்தைச் சொல்லும் ஆசிரியர் இருக்கும் இடத்தில், நாளை வேறு ஜெபத்தைச் சொல்பவர் வரலாம். அப்போது தலைகுனிந்து வெளியே போக வேண்டியது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

கணக்கும் எழுத்தும் வகுப்பில் வரட்டும். பக்தி, பிள்ளையின் மனதிலிருந்து தானாக வரட்டும். பயத்தில் சொல்லும் ஜெபத்தால் கடவுளுக்கும் பெருமை இல்லை, பிள்ளைக்கும் பயன் இல்லை!