பழைய காருக்குப் புது வர்ணம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வர்ணம் பூசுவது அழகுக்காக என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அழகு அதன் இரண்டாவது வேலைதான். இரும்பை நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பதே அதன் முதல் வேலை. இரும்பும் நீரும் ஆக்ஸிஜனும் ஓரிடத்தில் கூடினால் துரு பிறக்கும். கடற்காற்றின் உப்பு அதனை விரைவுபடுத்தும். துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் வர்ணம் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் உடைந்தால் மேலும் நீர் புகும். பழைய கார்களின் கதவடியிலும் மட்கார்டு ஓரத்திலும் ஓட்டை விழுவது இவ்வாறுதான்.

எங்கள் மாமா வாடகைக்கு ஓட்டுவது 2011-ஆம் ஆண்டு அம்பாசிடர் கார். மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. எட்டு ஆண்டுகள் கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சென்ற ஆண்டு மாசி மாதம் சான்று முடியும் வேளையில் வண்டி முழுவதும் கொப்புளமாக இருந்தது. பட்டறையில் 32,000 ரூபாய் கேட்டார்கள். மாமாவின் குடும்பத்துக்கு அந்த வண்டியைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

என் தந்தையார் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "இரும்புக் கதவுக்கு அடிக்கிற எனாமலை ரோலர்ல ஓட்டிப்புடலாம் மச்சான்" என்றார். மாமா நம்பவில்லை. நானும் முதலில் ஐயத்துடனேதான் கேட்டேன். ஆனால் வேலை நடக்க நடக்க, தந்தையார் சொன்ன ஒவ்வொரு விதிக்கும் என் பாடப் புத்தகத்தில் ஒரு காரணம் இருப்பதைக் கண்டேன். அந்தக் காரணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துப்பாக்கி இல்லாமல் முடியுமா?

காருக்கு வர்ணம் என்றால் காற்றழுத்தத் துப்பாக்கியால்தான் தெளிக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் தொடக்க கால மோட்டார் வண்டிகளுக்குக் குதிரை வண்டிகளைப் போலவே தூரிகையால் வார்னிஷ் பூசினார்கள். அது காய்வதற்குப் பல நாட்கள் பிடித்தன. 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டியூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தைக் கொண்டுவந்த பிறகே விரைவாகத் தெளித்து விரைவாகக் காயவைக்கும் முறை பரவியது.

நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தில் கரைப்பான் ஆவியானதும் படலம் இறுகிவிடும். ரோலர் ஓட்டி முடிப்பதற்குள் அது காயத் தொடங்குவதால் வரி வரியாக நிற்கும். நாம் கதவு, சன்னல்களுக்கு அடிக்கும் சிந்தெடிக் எனாமல் அப்படிப்பட்டதன்று. அது மெதுவாகக் காய்வதால் ரோலரின் தடம் மறைவதற்கு நேரம் கிடைக்கிறது. தெளிக்கும்போது வர்ணத்தில் கணிசமான பகுதி காற்றோடு போய்விடும். ரோலரில் அந்த நட்டம் இல்லை. இன்றைய பட்டறைகளில் பயன்படும் இருகலவை வர்ணங்களின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உள்ளது. தக்க முகமூடி இல்லாமல் அதனை வீட்டில் தெளிப்பது நுரையீரலுக்குப் பெருங்கேடு. சாதாரண எனாமலில் அது இல்லை.

தேய்ப்பதே பாதி வேலை

முதலில் சோப்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினோம். துருப்பிடித்த இடங்களைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டினோம். குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவினோம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. பின்னர் கழுவித் துடைத்து, ஈரம் போனவுடன் ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்தோம். ரெட் ஆக்ஸைடு என்பதும் இரும்பின் ஆக்ஸைடே! அது ஏற்கெனவே ஆக்ஸிஜனுடன் முழுதும் சேர்ந்துவிட்ட, நிலையான பொருள். பள்ளங்களுக்குப் பட்டி பார்த்துச் சமப்படுத்தினோம்.

உறுதியாக ஒட்டியிருந்த பழைய வர்ணத்தை எடுக்கவில்லை. 400-ஆம் எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து மினுக்கத்தை மட்டும் போக்கினோம். கண்ணாடிபோல் வழுவழுப்பான பரப்பில் புது வர்ணம் பிடிக்காது. நுண்ணிய கீறல்களே அதற்குப் பிடிமானம். நீர் விட்டுத் தேய்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. ஈரமாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் சேராது.

பால் பதமும் பூச்சும்

எனாமலில் டர்பன்டைன் ஊற்றிப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் தந்தையார். வர்ணம் கெட்டியாக இருந்தால் அதன் பாகுநிலை மிகுதி. ரோலரின் புள்ளிகள் அப்படியே நின்றுவிடும். இளக்கினால் பாகுநிலை குறையும். அப்போது பரப்பு இழுவிசை மேடுகளை இழுத்துப் பள்ளங்களை நிரப்பிப் படலத்தைத் தானே சமன் செய்யும். மிகவும் நீர்த்துவிட்டாலோ கதவுப் பக்கங்களில் வழிந்துவிடும். பால் பதம் என்பது இவ்விரண்டுக்கும் நடுப்பட்ட நிலை.

நான்கு அங்குல ஸ்பாஞ்ச் ரோலரை வர்ணத்தில் நனைத்து, தட்டில் உருட்டிப் பிழிந்து, அழுத்தாமல் ஓட்டினோம். பானெட், கூரை, டிக்கி, கதவு என்று ஒவ்வொரு பகுதியாக முடித்தோம். தந்தையார் வேலைக்குப் போகுமுன் காலை 5 மணி முதல் 8 மணி வரையே பூசினோம். வெயில் ஏறிவிட்டால் வர்ணம் சமன் ஆகுமுன் இறுகிவிடும். தரையில் நீர் தெளித்து வைத்ததால் தூசி கிளம்பவில்லை.

உள்ளே காய வேண்டும்

இரண்டாம் நாள் கையில் ஒட்டவில்லையே என்று அடுத்த பூச்சுக்கு மாமா அவசரப்பட்டார். தந்தையார், "மேலே காஞ்சா போதுமா மச்சான்? உள்ளே காய வேணாமா?" என்று தடுத்துவிட்டார். இதுவே இவ்வேலையின் உயிர்நாடி.

எனாமல் இரண்டு கட்டங்களில் காய்கிறது. முதலில் டர்பன்டைன் ஆவியாகிறது. அதன்பின் ஆல்கிட் பிசினில் உள்ள கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகள் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை ஏற்று, ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. கோபால்ட் போன்ற உலோகங்களின் உப்புகள் இதற்கு வினையூக்கிகள். நாம் ஆய்வகத்தில் கண்டறியும் அயோடின் எண் இரட்டைப் பிணைப்பின் அளவைக் காட்டுவதல்லவா? ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில்தான். ஆகவேதான் ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டுப் படலமாகிறது. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கிறது.

ஆக்ஸிஜன் மேலிருந்துதான் உள்ளே செல்ல வேண்டும். தடிமனாகப் பூசினால் மேற்பரப்பு ஆடைபோல் இறுகி, அடிப்பகுதி ஈரமாகவே நின்று, படலம் சுருங்கிவிடும். எனவே ஒரு தடித்த பூச்சைவிட ஆறு மெல்லிய பூச்சுகள் மேல். பூச்சுக்குப் பூச்சு ஒரு முழு நாள் விட்டோம். இரண்டு பூச்சுக்கு ஒருமுறை 600, பிறகு 800, இறுதியில் 1000 எண் தாளால் நீர் விட்டுத் தேய்த்தோம். ஒரு வாரம் கழித்து ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் இட்டுத் துடைத்ததும் மினுக்கம் வந்தது.

இதே வேதிவினையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆக்ஸிஜன் சேரும்போது வெப்பம் வெளிப்படும். எனாமல் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். தந்தையார் அவற்றை எப்போதும் தண்ணீரில் நனைத்துப் பிரித்துக் கொடியில் போடுவார். இது அவருக்கு எவரும் பாடமாக நடத்தியதன்று.

செலவுக் கணக்கு

வண்டியின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 120 சதுர அடி. ஆறு பூச்சுக்கு 720 சதுர அடி. இளக்கிய மெல்லிய பூச்சில் லிட்டருக்கு 180 சதுர அடி வீதம் 4 லிட்டர் எனாமல் செலவாயிற்று. எனாமலுக்கு 1,280 ரூபாய், பிரைமர் 220, டர்பன்டைன் 390, பட்டியும் துரு நீக்கியும் 300, வாட்டர் பேப்பர் 600, ரோலர்கள் 360, மாஸ்கிங் டேப் 240, காம்பவுண்டும் மெழுகும் 400. ஆக 3,790 ரூபாய். கண்ணாடிகளை மறைக்கப் பழைய செய்தித்தாளே போதுமானதாயிற்று. தகுதிச் சான்றும் குறித்த நாளில் கிடைத்தது.

முயல விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள். சூளையில் சுட்ட வர்ணத்தின் கடினம் இதற்கு வராது. பெட்ரோல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். உலோகத் துகள் மின்னும் நிறங்களுக்கு ரோலர் பொருந்தாது. துகள்கள் ஒரே சீராகப் படியாமல் திட்டுத் திட்டாகத் தெரியும். மழைக்காலத்தில் தொடங்காதீர்கள். பழைய நிறத்தையே அடிப்பது நலம். நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டியிருக்கும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். நம் பெற்றோர் சாயம் தோய்க்கிறார்கள், சுண்ணாம்பு சுடுகிறார்கள், இரும்பு காய்ச்சுகிறார்கள். 'ஏன்' என்பதை நமக்குப் புத்தகம் சொல்கிறது. 'எப்போது', 'எவ்வளவு' என்பவை அவர்கள் கையில் இருக்கின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவர்கள் செய்யும் தொழிலை ஒரு நாள் உடனிருந்து பாருங்கள். கேள்வி கேளுங்கள். நாம் படிக்கும் வேதியியலின் செய்முறைத் தேர்வு அங்கே நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.