ஆற்றில் மீன் இருந்தால் மட்டும் போதுமா?

சைதாப்பேட்டையிலிருந்து திரு.வி.க. பாலம் வரை அடையாறு கறுத்துத்தான் ஓடுகிறது. அதிலும் சில இடங்களில் மீன் துள்ளும். "மீன் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. என்ன மீன் என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை சாக்கடை கலந்த தண்ணீரிலும் பிழைக்கும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை மூன்றும் நம்ம ஊர் மீன்கள்தான். ஆனால் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும். கெண்டைப் பொடி மாதிரி செவுளை மட்டும் நம்பி வாழும் மீன்கள் பலவகையாக இருந்தால்தான் தண்ணீரில் உயிர் இருக்கிறது என்று சொல்லலாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுப்படி, மீனுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் வேண்டும். கட்டற்ற அமோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசனத் தண்ணீருக்கான அளவிலோ உப்பு, சோடியம், போரான் எல்லாம் உண்டு, ஆக்சிஜன் இல்லை. நெல்லுக்குப் பாய்ச்சலாம் என்று சான்று பெற்ற தண்ணீரில் மீன் செத்து மிதக்கலாம்!

அளக்கும் நேரமும் முக்கியம். மத்தியானத்தில் பாசியே ஆக்சிஜனை விடுவதால் மோசமான குட்டைகூட பாஸாகிவிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். யூரியா வடிந்து பாசி மண்டிய ஏரியில், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். கருவி இல்லாதவர்களுக்கு அதுவே சோதனை.

தண்ணீர் சுத்தமானால் மட்டும் மீன் வந்துவிடாது. ஒதுங்க மடு, முட்டை ஒட்ட நீர்ச்செடி, ஏறிப்போக வழி மூன்றும் வேண்டும். அடையாற்று முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா அமைத்தது நல்ல வேலைதான். ஆனால் அது உப்பங்கழி. நன்னீர் மீனுக்கான இடம் மேற்கே, ஆற்றுக்குத் தண்ணீர் தரும் ஆதனூர், மணிமங்கலம், செம்பரம்பாக்கம் ஏரிகளும் அவற்றின் வாய்க்கால்களும். புதுவெள்ளத்தில் மீன் எதிரேறி முட்டையிடுவது அங்கேதான். வயல்வரப்பு வரைகூட வரும். அந்த வயலில் பூச்சிமருந்து அடித்திருந்தால் குஞ்சு தேறுமா?

இந்த ஐப்பசி, கார்த்திகையில் உங்க ஏரி கலங்கல் வழியும்போது போய்ப் பாருங்க. கீழே தேங்கும் மீன் மேலே ஏற முடியுதா, சுவர் தடுக்குதா? வலையில் விழுந்த மீன்களை ஊர்ப் பெயரோடு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்க. ஊர்ப் பெரியவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டினால், எந்தெந்த மீன் காணாமல் போச்சுன்னு அவங்களே சொல்லிடுவாங்க.