கிளவுட் கணக்கு முறைக்கும் எல்லை உண்டு: வளரும் கடைகள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஜொகூர்பாரு – கூலாய் யங் தோட்டத்தைப் பழைய தோட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பௌஸ்டெட் நிறுவனத்திடம் செம்பனைத் தோட்டமாக இருந்த 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தை ஒய்டிஎல் பவர் நிறுவனம் வாங்கியது. செம்பனை நின்ற இடத்தில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் இதே காட்சிதான். ‘கிளவுட்’ என்று வாய்க்கு வாய் சொல்லப்படுவது வானத்தில் இருப்பதல்ல. இதுபோன்ற கட்டடங்களுக்குள் அடுக்கி வைக்கப்பட்ட கணினிகளே அவை.

அவை கணினிகள் என்பதால் அவற்றுக்கும் அளவு உண்டு. ஆனால் மென்பொருள் விற்க வருபவர்கள் சொல்வது வேறு. “கிளவுட்டுக்கு மாறுங்கள், வியாபாரம் எவ்வளவு பெருகினாலும் தாங்கும்” என்பார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இப்போது நடுத்தர வணிகர்களுக்கும் வந்துவிட்டது. அதற்குக் காரணம் இ-இன்வோய்ஸ்.

உள்நாட்டு வருமான வரி வாரியம் இத்திட்டத்தைக் கட்டம் கட்டமாகக் கொண்டு வந்தது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1, இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவற்றுக்கு 2025 ஜனவரி 1, 50 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 2025 ஜூலை 1 என்று வந்து, 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வெள்ளி வரை விற்பனை உள்ளவர்களையும் அது எட்டிவிட்டது. ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளி என்றால் நாளொன்றுக்குச் சுமார் 2,740 வெள்ளி. மாசாயிலோ ஸ்கூடாயிலோ நன்றாக ஓடும் ஒரு மளிகைக் கடையோ, இரண்டு மூன்று லோரி வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனமோ எட்டக்கூடிய தொகைதான் இது.

பேரேட்டையும் எக்செல் தாளையும் வைத்துச் சமாளித்தவர்கள் இதனால் ‘இஆர்பி’ பக்கம் திரும்புகிறார்கள். கொள்முதல், சரக்கு இருப்பு, விற்பனை, சம்பளம், கணக்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் கட்டும் மென்பொருள் அது. மாதச் சந்தா கட்டினால் போதும், கடையில் தனிக் கணினி வேண்டாம். தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே போகும். வியாபாரம் வளர்ந்த பிறகுதான் சிக்கல் தலைகாட்டும்.

ஓர் உதாரணத்துக்கு, ஒரே கடையாகத் தொடங்கி மூன்று கிளைகளாக வளர்ந்த ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளலாம். முதல் வருடம் ஒரு கண நேரத்தில் திறந்த விற்பனை அறிக்கை, மூன்றாம் வருடம் சுழன்றுகொண்டே இருக்கிறது. முதலாளி இணையத்தைக் குறை சொல்கிறார், வேகமான இணைப்பு வாங்குகிறார். அறிக்கை அப்படியேதான் இருக்கிறது.

இணையத்தின் வேகம் வேறு, தூரம் வேறு. சிங்கப்பூரில் உள்ள சர்வருக்கு ஜொகூரிலிருந்து ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஆயிரத்தில் சில பங்கு விநாடியே பிடிக்கும். அதே சர்வர் அமெரிக்காவில் இருந்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு விநாடி. கேட்பதற்கு இதுவும் சின்ன நேரம்தான். ஆனால் நாற்பது பொருள் கொண்ட கொள்முதல் பில்லை ஏற்றும்போது, மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சர்வரைக் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தால் எட்டு விநாடி காத்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய இணைப்பு வாங்கினாலும் இந்த எட்டு விநாடி பெரிதாகக் குறையாது. நாற்பது வரியையும் ஒரே கட்டாக அனுப்பும் மென்பொருளில் இந்தத் தொல்லையே இல்லை. அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவிலேயே கிளவுட் மையங்களைத் திறந்துவிட்டன. என்றாலும் தாம் வாங்கும் மென்பொருள் அங்கே ஓடுகிறதா, வேறு கண்டத்தில் ஓடுகிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

அடுத்தது பங்கீடு. தோட்டத்து லயங்களில் ஒரு வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே தண்ணீர்க் குழாய் இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாளியோடு வந்தால் வரிசை நீளும். கிளவுட் மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் கணக்கு ஓடும். சந்தா மலிவாக இருப்பதே அதனால்தான். ஒருவரே எல்லாத் தண்ணீரையும் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக நிறுவனங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைக்கின்றன.

இந்த அளவுகள் இரகசியமல்ல, படிப்பவர்கள்தான் இல்லை. தமிழ்நாட்டில் 1996இல் தொடங்கி உலகமெங்கும் பரவிய ஸோஹோ நிறுவனத்தின் கணக்கு மென்பொருளான ஸோஹோ புக்ஸை எடுத்துக்கொள்வோம். வெளி மென்பொருள்கள் அதனோடு பேசும் வாசலில் ஒரு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 100 கோரிக்கைகள்தான் அனுமதி. அதோடு திட்டத்துக்கு ஏற்ப நாள் அளவும் உண்டு. அதன் ஸ்டாண்டர்ட் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் அளவு 2,000. நியூசிலாந்தின் ஸீரோவில் நிமிடத்துக்கு 60. மேலே சொன்ன மளிகைக் கடைக்காரர் தம்முடைய 3,000 பொருள்களை இணையச் சந்தையிலும் விற்கிறார், ஒவ்வொரு பொருளின் இருப்பையும் தனித்தனிக் கோரிக்கையாகப் புதுப்பிக்கிறார் என்றால், நிமிடத்துக்கு 60 என்ற வாசலில் 50 நிமிடம் ஆகும். நாளுக்கு 2,000 என்ற வாசலில் அன்றைக்கு முடியவே முடியாது. இருப்பு தீர்ந்துபோன பொருளை யாரோ ஒருவர் இணையத்தில் வாங்கிப் பணமும் கட்டியிருப்பார். பிறகு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான்.

வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் வாசலுக்கும் அளவு உண்டு. ஒருமுறை அனுப்பும் கட்டில் அதிகபட்சம் 100 ஆவணங்கள், ஓர் ஆவணம் 300 கேபிக்கு மேல் போகக்கூடாது, முழுக் கட்டும் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முறை அனுப்பலாம். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 10,000 ஆவணங்கள். ஒரு மளிகைக் கடைக்கு இது கடல். ஆனால் கடையின் மென்பொருள் கட்டாக அனுப்பாமல் ஒவ்வொன்றாக அனுப்பினால் அந்தப் பத்தாயிரம் நூறாகச் சுருங்கிவிடும். அரசு வாசல் அகலமாகத்தான் இருக்கிறது, அடைப்பு பெரும்பாலும் நம் பக்கத்துக் குழாயில்தான்.

சில்லறை வியாபாரிகளுக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தனி இ-இன்வோய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் மாத விற்பனையைத் தொகுத்து, மாதம் முடிந்த ஏழு நாள்களுக்குள் ஒருங்கிணைந்த இ-இன்வோய்ஸாக அனுப்பலாம். ஒரு விற்பனை 10,000 வெள்ளியைத் தாண்டினால் மட்டும் 2026 முதல் அதற்குத் தனி ஆவணம் வேண்டும். தொகுக்கும்போது ஒவ்வொரு ரசீதையும் ஒரு வரியாக எழுதலாம், தொடர்ச்சியான ரசீது எண்களை ‘இதிலிருந்து இதுவரை’ என்று ஒரே வரியில் காட்டலாம், கிளை வாரியாகவும் அனுப்பலாம். மாதம் 9,000 ரசீது போடும் கடை முதல் வழியைப் பிடித்தால், சில நூறு வரிகளிலேயே 300 கேபி நிரம்பி ஆவணம் திருப்பி அனுப்பப்படும். இரண்டாவது வழியில் அதே கணக்கு சில வரிகளில் அடங்கிவிடும். எந்த வழி என்பது மென்பொருளின் அமைப்பில் ஒரு தேர்வுதான். அதை யாரும் சொல்லித் தராததால் மாதத்தின் ஏழாம் தேதி இரவு கடையின் கணக்குப் பிள்ளை விழித்திருக்கிறார்.

மாத முடிவுதான் எந்த இஆர்பிக்கும் உண்மையான சோதனை. ஒரு பக்கம் கல்லாவில் விற்பனை நடந்துகொண்டிருக்கும், இன்னொரு பக்கம் கணக்காளர் மூன்று கிளைகளின் இலாப நட்டத்தையும் ஒன்றாகக் கேட்பார். ஒரே அரிசி மூட்டையின் இருப்பை இரு கல்லாக்கள் ஒரே சமயத்தில் குறைக்க முயன்றால், ஒன்றை நிறுத்தி மற்றொன்றை முதலில் விடுவதுதான் சரியான மென்பொருளின் வேலை. இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். கல்லாக்கள் கூடக்கூட இந்தக் காத்திருப்பும் கூடும். சந்தாவை உயர்த்தினால் ஓரளவு தீரும், முழுதாகத் தீராது. நன்கு வடிவமைக்கப்பட்ட மென்பொருளில் கனமான அறிக்கைகள் தனியாகவோ இரவிலோ ஓடும்படி செய்திருப்பார்கள்.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. பிரிட்டனின் பர்மிங்ஹாம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் ஆரக்கிள் கிளவுட் இஆர்பிக்கு மாறியது. தொடக்கத்தில் சுமார் 1.9 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட செலவு பின்னர் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. அங்கே இடித்தது வேகமல்ல. தங்கள் பழைய நடைமுறைக்கு ஏற்ப மென்பொருளை மாற்றப்போய், வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதியே ஒழுங்காக வேலை செய்யாமல் போனது. கிளவுட் மென்பொருள் பல நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தைத்த சட்டை. கையை நீட்டி, காலரை மாற்றி, பையைக் கூட்டினால் தையல் விட்டுப்போகும். இங்கேயும் “எங்கள் கடைக்கு மட்டும் இப்படி மாற்றித் தாருங்கள்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மாற்றிக் கொடுத்த ஆள் போன பிறகு யார் பார்ப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். தோட்டப்புறத்தில் இடி மின்னலோடு இணையம் போவது புதிதல்ல. இணையம் இல்லாதபோது விற்பனையைக் கல்லாவிலேயே சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பும் வசதி சில மென்பொருள்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. குளுவாங், செகாமட் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வசதியே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

எல்லாருக்கும் இஆர்பி வேண்டும் என்றும் இல்லை. மாதம் முப்பது நாற்பது இன்வோய்ஸ் மட்டும் போடும் ஒப்பந்தக்காரருக்கு வரி வாரியத்தின் இலவச மைஇன்வோய்ஸ் இணையத்தளமே போதும். விவரங்களை எக்செல் தாளில் நிரப்பி மொத்தமாக ஏற்றவும் அதில் வழி இருக்கிறது.

வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள், விற்பவர் காட்டும் மாதிரிக் கடையை நம்பாமல், தங்கள் சொந்தப் பொருள் பட்டியலையும் ஒரு வருட ரசீதுகளையும் ஏற்றிப் பார்ப்பது நல்லது. அதையும் மாதத்தின் முதல் வாரத்தில், எல்லாக் கல்லாக்களும் திறந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். கிளை கூடினால், ஆள் கூடினால், ரசீது மூன்று மடங்கானால் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். நிமிட அளவும் நாள் அளவும் எவ்வளவு, அளவைத் தாண்டினால் கோரிக்கை காத்திருக்குமா, தள்ளப்படுமா என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வெளியேறும் வழி. வணிகப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். மூன்றாம் வருடம் வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பழைய மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தாக வேண்டும். சில நிறுவனங்கள் வாடிக்கையாளர் பட்டியலையும் இருப்பையும் எக்செலில் தருகின்றன. ஆனால் ஸ்கேன் செய்து இணைத்த பில்களையும் சரிபார்க்கப்பட்ட இ-இன்வோய்ஸ் எண்களையும் சேர்த்துத் தருவதில்லை. சந்தா நின்ற பிறகு எத்தனை நாள் வரை தரவைத் திறந்து வைப்பார்கள் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை முதலில் திறந்து படிக்கலாம்.